ஜாய்ஸ்டிக் விஷயமாக மட்டும்

9, வாட்டில் சந்து,
கூட்டமுண்ட்ரா.
செப்டம்பர் 10, செவ்வாய்

தாஸ்மேனியத் தீவு, பர்னி நகரில் வசிப்பவரும், என் மனைவியுடன் கூடப்பிறந்த ஒரே தம்பியும், ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்குமான திரு. லிண்ட்ஸே ட்ரெலோர் அவர்களுக்கு, கூட்டமுண்ட்ரா கணினி விமானிகள் கழகத்தின் முன்னாள் செயலாளர் ராய்ஸ்டன் பிம் மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், கிளெனிஸ், என் வலது முழங்கால் மூவரும் சௌக்கியம். முழங்கால் ஜூன் மாதம் புதிதாக வைத்தது. அங்கே தாங்களும் தங்கள் மனைவி பெவ்வும் தங்கள் நாயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நமக்குள் இருபத்து மூன்று வருஷமாகக் கடிதப் போக்குவரத்து இல்லாத காரணத்தால் நாய் விஷயத்தில் தகவல் பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது சமாதானக் கடிதம் அல்ல, மன்னிப்புக் கடிதமும் அல்ல. ஜாய்ஸ்டிக் வாங்குவது பற்றி விஷயம் தெரிந்த ஒருவரிடம் யோசனை கேட்டு எழுதும் கடிதம், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர் எனக்கு மைத்துனராகவும் வாய்த்தது என் குற்றம் இல்லை. வருகிற அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கிளெனிஸுக்கு எழுபது வயது நிறைகிறது என்பது தங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மேசையில் தன் தம்பி உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டாளாம். "அவன் கைப்பட நாலு வரி எழுதட்டும்க்கா, அப்புறம் வர்றேன்" என்று தாங்கள் பதில் சொன்னீர்களாம். நான் எழுத எதுவும் இல்லை என்றேன். கிளெனிஸ் சரி என்று சொல்லிவிட்டு, என்னுடைய இரண்டு புது ஜாய்ஸ்டிக்குகளையும் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கைவிரிப்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தம்பிக்குக் கடிதம் தபாலில் சேர்ந்தால்தான் சாவி வெளியே வரும், அதுவும் நான் என் கையால் பெட்டியில் போடவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே, இரண்டு ஜாய்ஸ்டிக்கில் எது நல்லது என்ற கேள்வியும், அவற்றை எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்வியும் ஒரே கடிதத்தில் அடங்கிவிடுகின்றன.

நான் மறுபடியும் கணினி விமானச் சண்டை விளையாட்டுக்குத் திரும்பியது என் விருப்பத்தால் அல்ல. முழங்கால் டாக்டர் ஆறு வாரம் உட்கார்ந்தே இருக்கச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். முதல் வாரம் பத்திரிகை படித்தேன். இரண்டாம் வாரம் கிளெனிஸ் உருளைக்கிழங்குத் தோலை எவ்வளவு தடிமனாகச் சீவுகிறாள் என்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் அவளே பேசில் க்ரம்ப்பைத் தொலைபேசியில் அழைத்து, "இவனுக்கு ஏதாவது வேலை குடு பேசில், இல்லாட்டி இன்னொரு முழங்காலையும் நானே எடுத்துருவேன்" என்றாளாம். பேசிலைத் தங்களுக்கு நினைவிருக்கும். இன்றும் அவர்தான் கழகத் தலைவர், மற்றவர்கள் தலைவராக மறுப்பதால். அவர் வந்து இப்போதைய விளையாட்டைக் காட்டினார். லிண்ட்ஸே, நாம் ஆடிய காலத்தில் மேகம் என்றால் வெள்ளைக் கட்டி, கடல் என்றால் நீலக் காகிதம். இப்போது கிட்டிஹாக் விமானத்தின் இறக்கையில் எண்ணெய் வழிவது தெரிகிறது. விமானியின் கையுறையில் தையல் தெரிகிறது. நான் ஒன்றும் உணர்ச்சிவசப்படவில்லை. கண்ணில் தூசி விழுந்தது, பேசில் அதை ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டை இணையத்திலிருந்து இறக்க ஒன்றரை நாள் ஆயிற்று. கொட்டகையில் ரோஜாச் செடி உரத்துக்குப் பக்கத்தில், பெட்டிக்குள் என் பழைய ஜாய்ஸ்டிக் பத்திரமாக இருந்தது. சொருகப் போனால் அதன் முனையில் பதினைந்து ஊசி, புதுக் கணினியில் அதற்கு ஓட்டையே கிடையாது. மாற்றுச் சொருகி ஒன்று தன்னிடம் இருப்பதாகவும் தேடித் தருவதாகவும் பேசில் சொன்னார். பேசில் தேடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே புதிதாகவே வாங்கிவிட்டேன்.

முதலில் வாங்கியது இரும்பில் வார்த்தது. மூன்று கிலோ. நாற்பத்திரண்டு பொத்தான்கள். நம் ஊர் ஆலயத்து ஆர்கனில்கூட இத்தனை இல்லை, அதை வாசிக்கும் அம்மாளுக்கும் முப்பது வருஷப் பயிற்சி இருக்கிறது. சக்கரத்தை இறக்கப் போனேன், எரிபொருள் முழுவதும் கொட்டிப்போயிற்று. விளக்குப் போடப் போனேன், கண்ணாடிக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. சரி, பொத்தானைத் தொடாமலே ஓட்டுவோம் என்று முடிவு செய்தேன். ஆனால் அதன் ஸ்பிரிங் எருமைக் கழுத்து. கோலை அசைத்தால் ஜாய்ஸ்டிக்கே அடியோடு சாய்ந்தது. எனவே தச்சு வேலைக்கு வைத்திருந்த இரண்டு இறுக்கியை எடுத்துச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் முறுக்கிவிட்டேன். அன்று ஞாயிறு மதியம். மேசையின் மறுகோடியில் கிளெனிஸ் ஆட்டுக்கால் ரோஸ்ட்டும் பூசணியும் கிரேவியும் பரிமாறி வைத்திருக்கிறாள், பேசில் விருந்தாளியாகக் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறார், திரையில் எனக்குப் பின்னால் ஒரு ஜப்பானிய சீரோ விமானம். உயிர் போகிற நேரத்தில் எவன் மெதுவாக இழுப்பான்? இரண்டு கையாலும் கோலைப் பின்னால் இழுத்தேன். விமானம் ஏறவில்லை, மேசை ஏறியது. ஆட்டுக்கால் தரையில், கிரேவி பேசில் மடியில். சுட்டு வீழ்த்தப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. கிரேவியைத் துடைத்துக்கொண்டே பேசில், நான் வேகத்தைக் குறைக்காமல் திருப்பியது தவறு என்று பாடம் நடத்தினார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டாவது ஜாய்ஸ்டிக் லேசானது. கைப்பிடியைத் திருகினாலே வால் திரும்பும். அதை வைக்க எனக்கு மேசை தடைசெய்யப்பட்டிருந்ததால், துணி தேய்க்கும் பலகையில் கட்டினேன். சிரிக்காதீர்கள், உயரத்தை நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், இதைவிடப் பொருத்தமான பீடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நாலு நாள் பிரமாதமாக ஓடிற்று. ஐந்தாம் நாள் ஒரு குண்டுவீச்சு விமானத்தை மேலிருந்து பாய்ந்து பிடிக்கப் போனேன். பாய்வதற்குக் கோலை முன்னால் தள்ளவேண்டும் அல்லவா, தள்ளினேன், பலகையின் காலில் இருந்த கொக்கி விடுபட்டு, பலகை மடங்கி, ஜாய்ஸ்டிக்கோடும் என்னோடும் தரைக்குப் போயிற்று. புது முழங்காலைக் காப்பாற்றப் பழைய முழங்காலைக் கொடுத்தேன். தரையில் கிடந்தபடி திரையைப் பார்க்கிறேன், என் விமானம் நேராக, ஆடாமல் அசையாமல், மேகத்துக்கு நடுவில் அழகாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் கை வைத்த ஒருநாளும் அது அப்படிப் பறந்ததில்லை.

மணிக்கட்டில் வாதம் இருப்பதால் கைப்பிடியைத் திருகுவதும் சரிப்படவில்லை. வால் திருப்பக் காலடிப் பெடல் வாங்கினேன். பெடலை மிதித்தேன். என் நாற்காலிக்குச் சக்கரம் உண்டு, அது பின்னால் உருண்டு குளிர்சாதனப் பெட்டியில் முட்டியது. இதற்கு விமானிகள் மத்தியில் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது, நாற்காலிச் சக்கரங்களை ஆளுக்கொரு செருப்புக்குள் நிறுத்திவைத்தால் உருளாது என்று பேசில் சொன்னார். சக்கரம் ஐந்து. என் ரப்பர் பூட்ஸ் இரண்டு, ஒற்றை ரப்பர் செருப்பு ஒன்று. மீதி இரண்டுக்குக் கட்டில் அடியில் கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். அவை கிளெனிஸ் ஆலயத்துக்குப் போடும் கறுப்பு ஷூ என்பது எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யவும் தயார், ஆனால் அவள் சத்தியம் கேட்கவில்லை. ஞாயிறு காலை வந்து பார்த்தாள். குதிகால் இரண்டும் அப்பளமாகப் போயிருந்தன. தோட்ட வேலைக்குப் போடும் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தாள். வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே, சத்தம் உயர்த்தாமல் ஒன்று சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் ஆகாயத்துல சண்டை போடுறீங்க, ராய். தரையில அடிபடுறது எப்பவும் நான்தான்." நான் தனி ஆளாகத்தானே விளையாடுகிறேன், ரெண்டு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டேன். அவள் போய் அலமாரியைத் திறந்தாள். கடிதம் எழுத எதுவும் இல்லை என்று நான் சொன்னதும் அதே காலையில்தான். இப்படித்தான் ஜாய்ஸ்டிக்குகள் சிறைக்குப் போயின.

தனி ஆள் என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன், ஆலோசனை சொல்பவருக்கு முழு விவரமும் தெரியவேண்டும். இந்தப் புது விளையாட்டில் நமக்குத் துணை விமானம் ஒன்றைக் கணினியே கொடுக்கிறது. அது நன்றாகத்தான் பறக்கிறது. எதிரி பின்னால் வந்தால், "எச்சரிக்கை, பின்புறம் எதிரி" என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொல்கிறது. யாருக்குச் சொல்கிறது என்பது அதற்கே தெரியாது. அந்தக் காலத்தில் நீ, "ராய், வால்ல ஒருத்தன்" என்று சாதாரணமாக, உப்பை எடு என்கிற மாதிரி சொல்வாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன், கோலைப் பின்னால் இழுத்து இடது பக்கம் ஒடிப்பேன். பயந்தால் இடது பக்கம் ஒடிப்பது என் வழக்கம், கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். இப்போது பின்னால் பார்த்துக்கொள்ள எனக்கு வாத்தியாராக இருப்பது, நம் தபால் பெட்டிக்குப் பக்கத்து யூகலிப்டஸில் கூடு கட்டியிருக்கும் மாக்பைப் பறவைதான். செப்டம்பர் பிறந்துவிட்டது, அது வெயிலுக்குள்ளிருந்து பாய்ந்து பிடரியில் கொத்துகிறது. ஒருமுறைகூட முன்னறிவிப்பு கிடையாது. உன்னைப்பற்றி நினைத்தேன் என்று அர்த்தம் இல்லை. பின்னாலிருந்து தாக்குவது பற்றிப் பேச்சு வந்ததால் நினைவுக்கு வந்தாய்.

பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுவோம். 2001 ஆகஸ்ட், ஞாயிறு மதியம், ஸ்கவுட் மண்டபம். ஏழு பேர் ஏழு கணினியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கம்பி போட்டு இணைத்தோம். பேசில் தொப்பியில் சீட்டுக் குலுக்கினார். நீயும் நானும் ஒரு பக்கம், கிட்டிஹாக், கீழே மில்ன் விரிகுடா. வால்ல ஒருத்தன் என்றாய். இடது பக்கம் ஒடித்தேன். உன் துப்பாக்கி ஆறும் ஒன்றாக முழங்கியதைக் காதால் கேட்டேன். அடுத்த நொடி நான் பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், என் விமானம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என் பின்னால் சுட்டுக்கொண்டிருந்தது நீ ஒருவன்தான். கழக விதி ஆறு என்ன சொல்கிறது? தன் கட்சிக்காரனையே வீழ்த்தியவன் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு டஜன் லாமிங்டன் கேக் கொண்டுவந்து, உறுப்பினர்கள் முன்னிலையில், வீழ்ந்தவன் கையில் தன் கையால் கொடுக்கவேண்டும். விதி எழுதிய நாளிலிருந்து எத்தனை பேர் கொடுத்திருக்கிறோம். பேசில் மட்டும் ஒரே குளிர்காலத்தில் ஐந்து முறை கொடுத்தார், எல்லோர் மீசையிலும் தேங்காய்த் துருவல். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, அது ஒரு தேநீர் நேரம்.

நீ எழுந்து நின்றாய். "நான் உன்னைச் சுடல மச்சான். உன் வால்ல இருந்தவனைத்தான் சுட்டேன். நீயாத்தான் குதிச்ச" என்றாய். நல்லா பறக்கிற விமானத்திலிருந்து எவனாவது தானாகக் குதிப்பானா என்று பேசில் கேட்டார். மண்டபம் சிரித்தது, நானும் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. உன் ஜாய்ஸ்டிக்கைக் கொடு, பிரித்துப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினாய். குற்றம் சாட்டப்பட்டவனிடம் யாராவது சாட்சிப் பொருளைக் கொடுப்பார்களா, மறுத்துவிட்டேன். வாக்கெடுப்பு நடந்தது, நாலுக்கு மூன்று. குறிப்பேட்டில் செயலாளர் என்ற முறையில் நானே எழுதினேன். "செய்யாத குத்தத்துக்கு ஒரு துளி தேங்காத்துருவல்கூடக் கொண்டாரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாய். மறு வருஷம் பர்னிக்கே போய்விட்டாய். பெவ்வுக்கு அங்கே வேலை கிடைத்தது என்று கிளெனிஸ் சொல்கிறாள். இரண்டு டஜன் லாமிங்டனுக்குப் பயந்து ஒருவன் கடல் கடந்து போனான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நானும் விளையாட்டை விட்டேன். உன்னால் அல்ல. முழங்கால் வலி.

நான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் கோதுமைக் கிடங்கில் எடைமேடை பார்த்தவன். கோதுமையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியை மறுபடி மேடையில் ஏற்றி நிறுக்காமல் யாருக்கும் சீட்டு எழுதியதில்லை. அறுவடைக் காலத்தில் சாலை முனை வரை லாரி நிற்கும், டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள், போன வருஷத்து வெறும் எடையையே போட்டுக்கொள் என்று கெஞ்சுவார்கள். முடியாது என்பேன். வண்டியில் ஒரு நாய் ஏறியிருந்தாலும் எடை மாறும். என் சீட்டை ஒரு விவசாயிகூடத் தகராறு செய்ததில்லை. அப்படிப்பட்ட நான், இருபத்து மூன்று வருஷம் யோசித்தபின், என் மனைவியின் எழுபதாவது பிறந்தநாளை முன்னிட்டுப் பெரியமனது பண்ணி உன்னை மன்னிக்கிறேன். அபராதத்தையும் பாதியாகக் குறைக்கிறேன். ஒரு டஜன் போதும். கடையில் வாங்கியதாக இருந்தாலும் ஆட்சேபம் இல்லை.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது இதுதான். கனமானதா, லேசானதா? கனமானதை வைத்துக்கொண்டால் மேசையைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கவேண்டும், கிளெனிஸ் சம்மதிக்கமாட்டாள். லேசானதை வைத்துக்கொண்டால் என் மணிக்கட்டு சம்மதிக்காது. மூன்றாவதாக ஒன்று, காந்தத்தால் இயங்குவது, உள்ளே தேயவே தேயாது என்று விளம்பரம் சொல்கிறது. உள்ளே தேய்ந்துபோவது பற்றி நம் இருவரில் உனக்குத்தான் அதிகம் தெரியும். மற்றபடி பிறந்தநாளுக்கு வருவதும் வராததும் தங்கள் இஷ்டம். நான் நாலு வரிக்கு மேலேயே எழுதிவிட்டேன், என் பங்கு முடிந்தது. ஆனால் கிளெனிஸ் விருந்துக்கு இருக்கைச் சீட்டு எழுதும்போது தங்கள் பெயரை முதலில் எழுதி, மை காயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெவ்வுக்கு என் விசாரிப்பு. நாய்க்கும், இருந்தால். பர்னிக் கடற்காற்று தங்கள் கூரைத் தகட்டைத் தொடாமலும், தங்கள் மூட்டுகளில் என்னுடையதைப் போல் ஆணி அடிக்கும் நிலை வராமலும், தாங்கள் நீண்ட ஆயுளோடு தேகசுகத்தோடு இருந்து சீக்கிரம் பதில் எழுதவும் ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தமக்கையின் கணவரும்,
விதி ஆறின்படி பாதிக்கப்பட்டவருமான
ராய்ஸ்டன் பிம்

பின்குறிப்பு. வெள்ளிக்கிழமை.

லிண்ட்ஸே, மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். மாக்பை பாய்ந்தது. புது முழங்காலோடு ஓட முடியாது, திரும்பிவிட்டேன். புதன்கிழமை ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன், டப்பாவையே தூக்கிக்கொண்டு போயிற்று. கடிதம் வீட்டிலேயே கிடந்தது, அலமாரியும் பூட்டியே கிடந்தது. நேற்றுக் காலை பேசில் மாற்றுச் சொருகியோடு வந்தார், தன் மீன்பிடிப் பெட்டிக்குள் இருந்ததாம். கைவசம் வேறு ஜாய்ஸ்டிக் இல்லாததால் கொட்டகையிலிருந்த பழையதைச் சொருகினேன்.

இப்போதைய கணினியில் ஒரு வசதி இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்க ஒரு பக்கம் திறக்கிறது, எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த எண்ணில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான் எந்தப் பொத்தானிலும் விரல் வைக்கவில்லை. கோலை மட்டும் பிடித்து, மேலே சொன்ன என் வழக்கப்படி பின்னால் இழுத்து இடது பக்கம் ஒடித்தேன். நாலாம் விளக்கு எரிந்தது. விட்டேன், அணைந்தது. மறுபடி ஒடித்தேன், எரிந்தது. பேசிலையும் செய்யச் சொன்னேன், அவருக்கும் எரிந்தது. அடித்தகட்டின் நான்கு திருகாணியையும் கழற்றிப் பார்த்தோம். ஒரு கம்பியின் தோல் உரிந்து, அந்த மூலைக்கு வரும்போதெல்லாம் பக்கத்துத் தகட்டில் உரசுகிறது. ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான் அந்தக் காலத்தில் எழுதி ஒட்டிய காகிதம் அப்படியே இருக்கிறது. ஒன்று, சுடு. இரண்டு, சக்கரம். மூன்று, குண்டு. நாலு, குதி. என் கையெழுத்து, படிக்கத் தெளிவாக இருக்கிறது.

பேசில் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, "அப்போ அவன் சொன்னது சரிதான் ராய். நீயாத்தான் குதிச்சிருக்க" என்றார். கழகக் குறிப்பேட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் நான் பதினொரு முறை விமானத்தை இழந்திருக்கிறேன். ஆறு முறை எதிரி, இரண்டு முறை இயந்திரக் கோளாறு, ஒரு முறை பேசில், ஒரு முறை மேகம் என்று எழுதியிருக்கிறேன், லிண்ட்ஸே. பதினொன்றாவது நீ. கோதுமை லாரியில் நாய் ஏறியிருக்கிறதா என்று பார்த்தவன், அத்தனை பேரையும் நிறுத்துப் பார்த்தவன், என் வெறும் வண்டியை மட்டும் மேடையில் ஏற்றவே இல்லை. நீ எனக்காகத் திரும்பி வந்து அவனைச் சுட்டிருக்கிறாய். நான் உன் முகத்துக்கு நேரே சிரித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மேலே மன்னித்ததாக எழுதியதை அடித்துவிடு. ஒரு டஜன் என்று எழுதியதையும் அடித்துவிடு. 2001 ஆகஸ்ட் பக்கத்தில் நான் எழுதிய தீர்மானத்தைக் கோடு போட்டு அடித்து, எதிரி விமானம் ஒன்றை லிண்ட்ஸே ட்ரெலோர் வீழ்த்தினார் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன், பேசிலும் போட்டிருக்கிறார். கிளெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பிறகு அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்தாள். தபாலில் சேரட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். புது ஜாய்ஸ்டிக் இரண்டும் எனக்கு இப்போது வேண்டியதில்லை, நீ யோசனை சொல்லவும் வேண்டாம். இன்று மாக்பை அண்டாதபடி சைக்கிள் ஹெல்மெட்டில் சுற்றிலும் பிளாஸ்டிக் கம்பியைக் குத்திட்டு நிற்கவைத்து எனக்கு மாட்டிவிட்டிருக்கிறாள், இதை எழுதி முடித்ததும் கிளம்புகிறேன்.

விதி ஆறு உனக்கு ஞாபகம் இருக்கும். தன் கையால், உறுப்பினர்கள் முன்னிலையில். இரண்டு டஜனையும் நானே செய்யவேண்டும் என்று கிளெனிஸ் சொல்லிவிட்டாள், பக்கத்தில் நின்று பார்ப்பாளாம், தொடமாட்டாளாம். லாமிங்டன் பர்னி வரை தபாலில் தாங்காது என்று கேள்வி. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி நீதான் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும், மச்சான். வரும்போது உன் ஜாய்ஸ்டிக்கை எடுத்து வா. என்னுடையதில் அந்தக் கம்பிக்கு டேப் சுற்றிவிட்டேன், ஆனாலும் நீ ஒருதடவை பிரித்துப் பார்.